சாகா என்றால் சாகாது என்று பொருளா?

(‘பழைய காடி: வைத்துக் காப்பதா? வழியனுப்பி வைப்பதா?’ என்னும் தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில், ‘வழியனுப்பி வைப்பதே’ என்ற அணியின் நிறைவுப் பேச்சாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எதிரணித் தலைவர் பேசும்போது ஓர் உவமை சொன்னார். பழைய காடியை விற்பது, பெற்ற தாயை முதியோர் இல்லத்தில் விடுவதற்குச் சமம் என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் ஐயா, பெற்ற தாயின் மடியில் ஐந்து பேர் ஏறி உட்கார்ந்துகொண்டு, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் யாரும் போவதில்லை. காடியில் போகிறோம். அதனால்தான் காடிக்கு வேறு நியாயம் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்று இந்த மேடையில் அதிகம் அடிபட்ட பெயர் புரோட்டோன் சாகா. எதிரணித் தங்கை, “பெயரிலேயே சாகா என்று இருக்கிறதே, அது எப்படிச் சாகும்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. மலாய்மொழியில் சாகா என்பது ஒரு மரத்தின் பெயர். நாம் மஞ்சாடி என்போமே, அந்த மரம். சிவப்பாக, பளபளவென்று இருக்கும் அதன் விதையை வைத்துத்தான் அந்தக் காலத்துப் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்தார்கள். ஆகவே சாகா என்ற பெயருக்குள் இருப்பது சாகாவரம் அல்ல, தராசு! இன்று எனக்கும் அந்த வேலைதான். ஒரு தட்டில் பாசத்தை வைக்கிறேன். மறுதட்டில் மற்றவற்றை வைக்கிறேன். எந்தத் தட்டு தாழ்கிறது என்பதை நடுவர் ஐயா பார்க்கட்டும்.

பாசத்தின் எடை

முதலில் பாசத்துக்கு உரிய எடையைக் கொடுத்துவிடுகிறேன். 1983-இல் புரோட்டோன் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1985 ஜூலை 9-ஆம் நாள் சாகா வெளிவந்தது. மிட்சுபிஷியின் லான்சர் ஃபியோரே காடியை அடிப்படையாகக் கொண்டு ஷா ஆலமில் செய்யப்பட்ட காடி அது. அதே ஆண்டில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது, அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் சாகாவை ஓட்டியே பாலத்தைக் கடந்தார்.

நம் மக்களுக்கு அது வெறும் தேசியக் காடி மட்டுமல்ல. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் முதல் காடி. லோரியின் பின்புறத்தில் நின்றுகொண்டும், ஒரே மோட்டார் சைக்கிளில் நான்கு பேராகவும் போனவர்கள், முதன்முதலாகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மழையில் நனையாமல் பத்துமலைக்குப் போனது அந்தக் காடியில்தான். சாவி கைக்கு வந்ததும் நேரே கோயில். சந்தனம், குங்குமம், மாலை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். ஆயுதபூசை வந்தால் சாமிப்படத்துக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான். கல்யாணத்துக்கு அதுதான் மாப்பிள்ளைக் காடி. நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் அதுதான் ஆம்புலன்ஸ்.

எங்கள் வீட்டுக்கும் 1988-இல் அப்படி ஒன்று வந்தது. அப்பா வாங்கிய 1.3 சாகா. 32 ஆண்டுகள் எங்களோடு இருந்தது. ஆகவே பாசம் தெரியாமல் நான் பேசவரவில்லை. பாசத்தை மதிக்கிறேன். பாசம் மட்டுமே ஓட்டுநர் இருக்கையில் உட்காரக் கூடாது என்கிறேன். அவ்வளவுதான்.

யானையும் சுண்டைக்காயும்

எதிரணியின் வலுவான வாதம் பணம். “என் காடிக்கு மாதத் தவணை இல்லை. புதுக் காடி வாங்கினால் ஒன்பது ஆண்டு கடன்” என்றார்கள். இதை நான் மறுக்க மாட்டேன். தவணை இல்லாமல் வாழ்வது பெரிய நிம்மதி. நம் நாட்டில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தீபகற்பத்தில் 1,299 சிசி கொண்ட சாகாவுக்குச் சாலை வரி ஆண்டுக்கு 70 ரிங்கிட். காடிக்கு ஒரு வயதானாலும் 70, முப்பது வயதானாலும் 70.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். வரி ஏறவில்லை என்பதால் செலவும் ஏறவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். காப்புறுதியைப் பாருங்கள். காடிக்கு வயது ஏற ஏற அதன் காப்புறுதி மதிப்பு இறங்குகிறது. முழுக் காப்புறுதி கிடைப்பதே சிரமமாகி, கடைசியில் மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் வந்து நிற்கிறோம். முழுக் காப்புறுதியே கிடைத்தாலும் விபத்துக்குப் பிறகு பழைய பாகத்துக்குப் பதில் புதுப் பாகம் பொருத்தினால், அந்தச் செலவில் ஒரு பங்கை உரிமையாளரே ஏற்க வேண்டும். ஐந்து வயதுக் காடிக்கு 15 விழுக்காட்டில் தொடங்கும் அந்தப் பங்கு, பத்து வயதைத் தொட்டால் 40 விழுக்காடு வரை போகலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டறைக்காரர் கணக்குப் போட்டுக் காட்டும்போதுதான் தெரிகிறது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். காடி யானை அல்ல. அது சுண்டைக்காய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்குத்தான் ஒரு கட்டத்துக்குப் பிறகு நடக்கிறது. காடியின் மதிப்பு இரண்டாயிரம், ஆண்டுப் பழுதுபார்ப்பு மூவாயிரம் என்றால், தவணை இல்லை என்று எப்படிச் சொல்வது? வங்கிக்குக் கட்ட வேண்டியதைப் பட்டறையில் கட்டுகிறோம். வங்கியாவது ஒன்பது ஆண்டில் விட்டுவிடும்!

ஓடுவதற்குச் செலவா, நிற்பதற்குச் செலவா?

அடுத்து, எதிரணியின் இளைஞர் ஒருவர் பேசினார். “பழைய காடியை விற்க வேண்டாம், மாற்றியமைத்தால் புதுக் காடியைத் தோற்கடிக்கலாம்” என்றார். அவர் கண்ணில் இருந்த ஆர்வத்தை மதிக்கிறேன். ஒரு காடியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த இளைஞனின் கையில் ஒரு தொழில் இருக்கிறது. அதைக் குறைவாகப் பேச மாட்டேன்.

ஆனால் என்ன மாற்றுகிறோம் என்று பார்க்க வேண்டும். ஜப்பானில் தனியார் காடிகளுக்குக் கட்டாயச் சோதனை உண்டு. புதுக் காடிக்கு முதலில் மூன்று ஆண்டு, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. செலவு அதிகம். அதனால் நன்றாக ஓடும் காடிகளையே அங்கே கழித்துவிடுகிறார்கள். அவற்றை நடுவில் அறுத்து, இயந்திரமும் கியர்பெட்டியும் இருக்கும் முன்பாதியைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். அதுதான் நம் ஊர்க் கடைகளில் தொங்கும் ‘ஹாஃப்-கட்’. 1.6 லிட்டர் மீவெக் இயந்திரம் 175 குதிரைத்திறன் கொண்டது. சாகாவோடு பிறந்த 1.3 இயந்திரத்தின் திறனைப் போல இருமடங்குக்கும் மேல். அதைத் தூக்கிப் பழைய உடம்பில் வைக்கிறார்கள்.

குதிரை மாறியது சரி. கடிவாளம் மாறியதா? சாகாவுக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின்சக்கரத்தில் டிரம் பிரேக். அந்தப் பழைய இயந்திரத்தின் வேகத்துக்கு அளந்து வைத்தவை அவை. வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்து நிற்பதற்கான தூரம் நான்கு மடங்காகும். இது பள்ளிக்கூட அறிவியல். இயந்திரத்துக்கு எட்டாயிரம், பத்தாயிரம் செலவழிக்கத் தயங்காத தம்பிமார், பிரேக் குழாய் மாற்ற முந்நூறு வெள்ளி கேட்டால் “அடுத்த மாதம் பார்க்கலாம், போமன்” என்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

சட்டமும் இருக்கிறது. இயந்திரத்தை மாற்றினால் சோதனைக்குக் கொண்டுபோய், ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலோடு புதிய இயந்திர எண்ணைப் பதிய வேண்டும். கண்ணாடிக்குக் கறுப்புத்தாள் ஒட்டினால் முன்கண்ணாடி 70 விழுக்காடு, முன்பக்கக் கதவுக் கண்ணாடி 50 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது 2019 மே முதல் உள்ள விதி. இவற்றை எல்லாம் விட முக்கியமானது, காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம். விபத்து நடந்த அன்றைக்கு அது உங்களுக்கு எதிரான சாட்சியாகக் கூண்டில் ஏறி நிற்கும்.

அப்படியானால் பழைய காடியில் எதையுமே மாற்றக் கூடாதா? மாற்றுங்கள். ஓடுவதற்குச் செலவு செய்யாதீர்கள், நிற்பதற்குச் செலவு செய்யுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் சூடு குறையும். கேமரன் மலையிலிருந்தோ கெந்திங்கிலிருந்தோ இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், அந்த எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டும். அப்போது மிதித்தால் கால் தரைவரை போகும், காடி நிற்காது. அந்த எண்ணெயை மாற்ற ஆகும் செலவு ஒரு குடும்பம் வெளியே சாப்பிடும் செலவுதான்.

டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பூ அழியவில்லை என்பதற்காக டயர் இளமையாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ரப்பர் நம் பாட்டன்மார் பால் வெட்டிய பொருள். அதற்கு வயதாகும் என்று நமக்கா சொல்ல வேண்டும்? டைமிங் பெல்ட், தண்ணீர்க் குழாய், பிரேக் குழாய் எல்லாம் ரப்பர்தான். ஓடாமல் நிறுத்தி வைத்தாலும் அவற்றுக்கு வயதாகும்.

பின்னிருக்கையில் யார்?

இப்போது தராசில் கடைசிக் கல்லை வைக்கிறேன்.

2009 ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் பின்னிருக்கையில் அமர்பவரும் வார்ப்பட்டை அணிய வேண்டும். ஆனால் 1995-க்கு முன் பதிவான காடிகளுக்கு விலக்கு அளித்தார்கள். பின்னிருக்கையில் வார் பூட்டும் வசதியே இல்லாத பழைய காடிகளை வைத்திருந்தவர்களின் நிலையை எண்ணிச் செய்த ஏற்பாடு அது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நடுவர் ஐயா, சட்டம் விலக்குத் தரும். விபத்து விலக்குத் தருமா?

2020 ஜனவரி முதல் நாளிலிருந்து சொந்தக் காடிகளில் குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம் என்றானது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் என் மகள் பிறந்திருந்தாள். குழந்தை இருக்கை ஒன்று வாங்கி வந்தேன். அதைக் காடியோடு பிணைக்கப் பின்னிருக்கையில் வார் வேண்டும். எங்கள் காடியில் வார் இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “தம்பி, உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து இந்தக் காடியில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அம்மா மடியில்தான் இருந்தாய். உனக்கு என்ன ஆனது?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் அன்று ஏன் மடியில் வைத்தார்கள்? வேறு வழி இல்லாததால். வழி வந்த பிறகும் மடியில் வைத்தால் அதற்குப் பெயர் பாசம் அல்லவே.

நான் வாதாடவில்லை. இருக்கையைக் காடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா பின்கதவைத் திறந்தார். மெத்தைக்கும் சாய்மானத்துக்கும் இடையில் கையை விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வார் ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். மெதுவாகக் கதவைச் சாத்தினார். உள்ளே வந்து, “நல்ல நாள் ஒன்று பார்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

நாளை யார் குறிப்பது?

அப்பா சொன்ன அந்த ‘நாள்’ என்பதில்தான் இந்த விவாதத்தின் உயிர் இருக்கிறது.

பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். 1990 மே முதல் அங்கே காடி வாங்க உரிமைச் சான்றிதழ் வேண்டும். அதன் ஆயுள் பத்து ஆண்டு. அதற்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டுமானால், அண்மைய மூன்று மாதங்களின் சராசரி விலையைக் கட்டி, ஐந்து ஆண்டுக்கோ பத்து ஆண்டுக்கோ புதுப்பிக்க வேண்டும். பத்து வயது கடந்த காடிக்குச் சாலை வரியும் கூடும். முதலில் 10 விழுக்காடு, பிறகு ஆண்டுதோறும் ஏறி 50 விழுக்காடு வரை. ஆண்டுதோறும் சோதனையும் உண்டு. அங்கே பிரியும் நாளை அரசாங்கம் குறித்துக் கையில் கொடுத்துவிடுகிறது.

நம் நாட்டில் அப்படி இல்லை. 2009 அக்டோபரில், 15 வயதைத் தாண்டிய காடிகள் சாலை வரி புதுப்பிக்கும் முன் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும் என்று அறிவித்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள். சில நாள்களிலேயே அரசாங்கம் அதை மீட்டுக்கொண்டது. அதே ஆண்டில், பத்து வயதைத் தாண்டிய காடியைக் கழித்துவிட்டுப் புதிய புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்குபவர்களுக்கு 5,000 ரிங்கிட் சலுகையும் கொடுத்தார்கள். வற்புறுத்தல் போய்விட்டது, சலுகைக் காலமும் முடிந்தது. கட்டாயம் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஒரே ஒரு பழைய காடியை வைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறவரின் வயிற்றில் அடிக்கக் கூடாது. ஆனால் அரசாங்கம் நாள் குறிக்காத ஊரில், அந்தப் பொறுப்பு முழுவதும் நம் தலையில் விழுகிறது. அதைத் தட்டிக்கழித்தால், ஏதாவது ஒரு நாள் நெடுஞ்சாலையே நாள் குறித்துவிடும்.

ஆகவே ஒவ்வோர் ஆண்டும் சாலை வரி புதுப்பிக்கும் அன்று மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, இந்த ஆண்டு பட்டறைக்குக் கொடுத்த பணம் காடியின் விலையைத் தாண்டிவிட்டதா? இரண்டு, அடித்தட்டும் தூண்களும் துருவேறிவிட்டனவா? துருவேறிய உடம்புக்குப் புது இயந்திரம் வைத்தும் பயனில்லை. மூன்று, பின்னிருக்கையில் உட்காரப்போவது யார்? மூன்றாவது கேள்விக்கு நெஞ்சில் கைவைத்துப் பதில் சொல்ல முடியவில்லை என்றால், முதல் இரண்டையும் கேட்கவே வேண்டாம். அடுத்து வாங்குவது புதுக் காடியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒன்பது ஆண்டு கடன் வேண்டாமா? பின்னிருக்கை வாரும் காற்றுப்பையும் உள்ள, பழகிய காடியாகப் பார்த்து வாங்குங்கள். முதல் நாளே போமனை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

வழியனுப்புவதற்கும் முறை உண்டு

கடைசியாக ஒன்று. வழியனுப்புவது என்றால், அடுக்குமாடியின் ஓரத்தில் நிறுத்திவிட்டு மறந்துபோவது அல்ல. நான்கு டயரிலும் காற்றிறங்கி, தண்ணீர் தேங்கி, ஏடிஸ் கொசு முட்டையிடும் காடிகளை நம் குடியிருப்புகளில் எத்தனை பார்க்கிறோம்? அதே காடியை ஆயுதபூசைக்கு மாலை போட்டுக் கும்பிட்டவர்கள்தான் அப்படி விட்டுப் போனார்கள். அதுதான் ஐயா முதியோர் இல்லத்தைவிட மோசம்!

விற்றால் பெயரை மாற்றிக் கொடுங்கள். சோதனை முடித்து, ஜேபிஜேயில் உரிமை மாறும்வரை அது உங்கள் காடிதான். தெரிந்தவர்தானே என்று சாவியை மட்டும் கொடுத்தால், அவர் வாங்கும் சம்மன் உங்கள் வீட்டுக்கு வரும். உடைக்கக் கொடுத்தால் பதிவை நீக்கச் செய்யுங்கள். உங்கள் பதிவெண் வேறொரு காடியில் ஊர் சுற்றக் கூடாது.

இன்னொரு செய்தி, மாற்றியமைக்கும் தம்பிமார்களுக்கு. பழைய சாகாவைத் தேடி வாங்கிப் பாதுகாக்கும் ஆர்வலர்கள் இன்று நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவது, பிறந்தபோது இருந்த இயந்திரத்தோடும் இருக்கையோடும் இருக்கும் காடியை. எங்கள் காடியை வாங்கியவரும் அப்படிப்பட்ட ஒருவர்தான். பிரேக், டயர், குழாய் தவிர அப்பா எதையும் மாற்றாமல் வைத்திருந்ததால்தான் அது உடைப்புக் கடைக்குப் போகாமல் தப்பியது.

எதிரணி நண்பர்களே, உற்பத்தியான முதல் சாகாவையே தேசிய அரும்பொருளகத்துக்குக் கொடுத்தார்கள். அதைச் செய்தவர்கள் அந்தக் காடியின் மேல் பாசம் இல்லாதவர்களா? அதன் வேலை முடிந்தது என்று தெரிந்தவர்கள். நன்றாக உழைத்த ஒன்றுக்கு நாம் செய்யும் நன்றி, அதை விழும்வரை ஓட்டுவது அல்ல, விழுவதற்கு முன் இறக்கிவிடுவது. எனவே, பழைய காடியை வழியனுப்பி வைப்பதே பாசத்துக்கும் பொறுப்புக்கும் அழகு என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.